லிமிடெட் பிரஸ்ஸிங் வாங்கப் போகிறீர்களா? ஆர்டர் போடுமுன்னும் தட்டு வந்த பின்னும் பார்க்க வேண்டியவை

ஒரு புதிய ஆல்பத்தின் எல்.பி. (வினைல் இசைத்தட்டு) அறிவிப்பு நம் கண்ணில் படும் நேரத்தில், அது எத்தனை பிரதி அச்சாகப் போகிறது என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்கும். தட்டு அச்சிடும் ஆலையில் இடம் பிடித்து, சோதனைத் தட்டுகள் வந்து, அவற்றைக் கேட்டு ஒப்புதல் கொடுத்த பிறகே பல நிறுவனங்கள் வாய் திறக்கின்றன. எனவே வாங்குபவர் முடிவு செய்ய வேண்டியவை இரண்டுதான்: இந்தப் பதிப்பு எனக்கு வேண்டுமா? வேண்டுமென்றால் இன்றைக்கே வேண்டுமா? முதல் கேள்விக்குக் காது பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல, அந்தப் பதிப்பில் எது குறைவாக இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான 'லிமிடெட்' தட்டுகளில் குறைவாக இருப்பது நிறம் மட்டுமே. சிவப்பில் 500, பளிங்கு நிறத்தில் 1000, கறுப்பில் தேவைக்கேற்ப என்று போடுவார்கள். மூன்றும் ஒரே வெட்டிலிருந்து, பல நேரங்களில் ஒரே ஸ்டாம்பரிலிருந்து, அதாவது தட்டை அழுத்தும் உலோக அச்சிலிருந்து, வருபவை. ஆலையில் மாறுவது அச்சில் வைக்கும் பி.வி.சி. குருணை மட்டும். கேட்பதற்காக வாங்குபவர் இங்கே அவசரப்படக் காரணமே இல்லை. கறுப்புத் தட்டு பல மாதம் கடையில் கிடக்கும், விலையும் குறைவு. படம் பதித்த தட்டு, அதாவது பிக்சர் டிஸ்க், இன்னும் ஒரு படி கீழே. அச்சிட்ட படத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து அதில்தான் பள்ளங்களை அழுத்துகிறார்கள். அதனால் பின்னணி இரைச்சல் கூடுதல். இருட்டில் ஒளிரும் தட்டுகளிலும் அதே தொல்லை உண்டு. சுவரில் மாட்ட அழகானவை, அவ்வளவுதான்.

அடுத்தது, விற்கும் இடத்தால் வரும் குறைவு. சிறு கடைகளுக்கு மட்டுமான பதிப்பு, இசைக்குழுவின் சொந்த இணையக் கடையில் மட்டும் விற்கும் பதிப்பு, கச்சேரிப் பயணத்தில் மேசை போட்டு விற்கும் பதிப்பு ஆகியவை இந்த வகை. இவற்றில் பல நேரங்களில் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. ஒரு கடையில் தீர்ந்துவிட்டது என்றால் உலகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. அமெரிக்கக் கடைகளில் காலியான சிறு கடைப் பதிப்பு, ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வாரக்கணக்கில் பழைய விலையிலேயே இருப்பது சாதாரணம்.

மூன்றாவது, காலக்கெடுவால் வரும் குறைவு. தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க இசை நிறுவனம் 2009 முதல் நடத்தும் 'வால்ட்' சந்தா இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு: மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி, குறிப்பிட்ட தேதிக்குள் சந்தாவில் இருப்பவர்களுக்குத்தான் அது. முன்பதிவு குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் மட்டும் அச்சாகும் தட்டுகளும் இப்படித்தான். இங்கே போட்டி கிடையாது. கெடு முடிவதற்குள் எப்போது பணம் கட்டினாலும் ஒன்றுதான். கடைசி நாள் வரை யோசிக்கலாம்.

நான்காவது, எண்ணிக்கையே உண்மையாகக் கட்டுப்பட்டிருக்கும் வகை. இதைப் புரிந்துகொள்ள ஆலைக்குள் கொஞ்சம் போக வேண்டும். பாட்டை முதலில் அலுமினியத் தகட்டின் மேல் பூசிய லாக்கரில் வெட்டுகிறார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் ஃபாதர் என்ற எதிர்ப்படி கிடைக்கும். ஃபாதரிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர்கள். ஒரு ஸ்டாம்பர் தரம் விழாமல் ஏறத்தாழ 1000 தட்டு தாங்கும் என்பது பொதுவான கணக்கு. தேய்ந்தால் மதரிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சாதாரணப் பதிப்புக்கு வரம்பு என்று ஒன்றும் இல்லை. 'ஒன் ஸ்டெப்' என்று விற்கும் பதிப்புகளில் நடுப்படிகள் இரண்டையும் விட்டுவிட்டு, லாக்கரிலிருந்து எடுத்த முதல் நிக்கல் தகட்டையே ஸ்டாம்பராக்குகிறார்கள். அது தேய்ந்தால் மீண்டும் லாக்கர் வெட்டித்தான் ஆக வேண்டும். விலை ஏறுவதற்கும் அளவு குறைவதற்கும் அங்கே உண்மையான காரணம் இருக்கிறது.

அப்போதும் எண்ணைத் தனியாகப் பார்த்து மிரள வேண்டாம். பழைய ஆல்பங்களை உயர்தரத்தில் மறுபதிப்பு செய்யும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தை ஒன் ஸ்டெப்பாக அறிவித்தபோது சொன்ன எண் 40,000. எண் பொறித்த பதிப்புதான், ஆனால் தூக்கம் கெட்டு வாங்க வேண்டிய அளவு குறைவில்லை. மறுபுறம், யாருக்கும் பெயர் தெரியாத ஒரு குழுவின் 300 பிரதிகள் ஒரு வருடம் தேங்கி நிற்பதும் உண்டு. எண்ணிக்கையை, அந்தக் கலைஞரின் முந்தைய பதிப்பு எத்தனை நாளில் தீர்ந்தது என்பதோடு சேர்த்துப் பார்ப்பதே சரியான கணக்கு. இசைத்தட்டுகளின் பட்டியலும் சந்தையுமான டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த முந்தைய பதிப்பின் பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். தேடுபவர்கள் வைத்திருப்பவர்களை எட்டிப் பிடித்திருந்தால் அறிவிப்பு நாளன்றே வாங்குங்கள்.

அவசரமே வேண்டாத, ஆனால் பலரும் அவசரப்படும் வரிசை ஒன்று உண்டு: ஜாஸ் நிறுவனமான ப்ளூ நோட்டின் டோன் பொயட். 2019இல் தொடங்கியது, ஜோ ஹார்லி தேர்ந்தெடுக்க, கெவின் கிரே மூல டேப்பிலிருந்து அனலாக்காகவே, அதாவது நடுவில் டிஜிட்டலாக மாற்றாமல், வெட்ட, கலிஃபோர்னியாவின் ஆர்.டி.ஐ. ஆலையில் 180 கிராமில் அச்சாகும் ஜாஸ் தட்டுகள். எண் பொறித்த பதிப்புகள் அல்ல, மறுபடியும் அச்சாகின்றன. கையிருப்பு தீர்ந்ததும் மறுவிற்பனைச் சந்தையில் விலை இரண்டு மடங்கு ஆகும். மறு அச்சு வந்ததும் இறங்கிவிடும். காத்திருப்பவருக்கு நஷ்டமில்லை.

ஆர்டருக்கு முன் பார்க்க வேண்டிய அடுத்த விஷயம், ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்பது. 12 அங்குலத் தட்டு 33⅓ வேகத்தில் 18 முதல் 22 நிமிடம் வரை நிம்மதியாக ஏற்கும். அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும். ஒலி அளவைக் குறைத்து, அடித்தளச் சுரங்களை மட்டுப்படுத்தித்தான் வெட்ட முடியும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ' ஒலிகள் சிதறுவதும் கூடும், ஏனென்றால் தட்டின் உள்வட்டத்தில் முள்ளுக்கடியில் பள்ளம் நகரும் வேகம் குறைவு. 50 நிமிட ஆல்பத்தை ஒரே தட்டில் போடும் வண்ணப் பதிப்பும், இரண்டு தட்டில் போடும் கறுப்புப் பதிப்பும் இருந்தால் தயங்காமல் இரண்டாவதை எடுங்கள். பாட்டுகளின் நீளத்தைக் கூட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், செய்பவர்கள்தான் குறைவு.

உறைமேல் ஒட்டும் ஸ்டிக்கரில் 180 கிராம் என்று இருப்பதால் ஒலி நன்றாகிவிடாது. கனத் தட்டு கையில் நிறைவாக இருக்கும். ஆனால் அச்சில் அவ்வளவு பிளாஸ்டிக்கும் ஓரம் வரை சீராகப் பரவ வேண்டும். சரியாகப் பரவாவிட்டால் வரும் கோளாறு கனத் தட்டில்தான் அதிகம் தென்படுகிறது. 140 கிராம் தட்டு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. கிராமைவிட முக்கியமானது, யார் வெட்டினார், எதிலிருந்து வெட்டினார், எந்த ஆலை என்பது. 'மூல டேப்பிலிருந்து' என்ற வாசகமும் முழுக் கதை சொல்லாது. மொபைல் ஃபிடெலிட்டி பல பதிப்புகளில் டேப்பை டிஜிட்டலாக மாற்றி அதிலிருந்தே வெட்டியது 2022 ஜூலையில் வெளியே வந்து, வழக்கு வரை போனது. ஒலி மோசம் என்பதல்ல சண்டை, அந்த டிஜிட்டல் படியை மறைத்ததுதான். அதன்பின் டேப்பிலிருந்து லாக்கர் வரையான எல்லாப் படிகளையும் எழுத்தில் சொல்லும் நிறுவனங்கள் அதிகமாகியிருக்கின்றன. சொல்லாத நிறுவனத்தின் தட்டுக்கு அனலாக் விலை கொடுக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

ஜாஸில் இன்னொரு பொறி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம். '500 பிரதிகள் மட்டும், நீல நிறம்' என்று குறைந்த விலைக்கு வரும் பழைய ஜாஸ் தட்டுகளில் பல, மூல டேப்பைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சி.டி.யிலிருந்து வெட்டப்பட்டவை. அதிகாரப்பூர்வ உரிமையாளரின் பெயர் பின்னட்டையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விற்பனை திறக்கும் நேரம்

உலகம் முழுக்க ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வெளியாகும் வழக்கம் 2015 ஜூலை 10இல் தொடங்கியது. முன்பதிவு அதற்கு வாரங்களுக்கு முன்பே திறந்துவிடும், பெரும்பாலும் வார நாளில். நியூயார்க் காலை 10 மணி என்றால் இந்திய நேரம் கோடையில் மாலை 7.30, குளிர்காலத்தில் 8.30. லாஸ் ஏஞ்சலஸ் காலை 10 என்றால் இரவு 10.30 அல்லது 11.30. லண்டன் காலை 10 என்றால் பிற்பகல் 2.30 அல்லது 3.30. மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றும் நாளும் பிரிட்டன் மாற்றும் நாளும் வேறு வேறு. அந்த இடைவெளியில்தான் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நிற்பவர்கள் அதிகம்.

கணக்கு, முகவரி, அட்டை விவரம் எல்லாம் முன்கூட்டியே அந்தக் கடையில் சேமித்திருக்க வேண்டும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் போய் அதைத் திறந்து, உச்சவரம்பையும் சரிபார்க்க வேண்டும். ஷாப்பிஃபை மேடையில் இயங்கும் கடைகளில் கூடைக்குள் போட்டதால் தட்டு நமக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. பணம் கட்டி முடித்தவருக்கே அது. அதனால் கூடையில் போட்டுவிட்டு, கூட வாங்க வேறு ஏதாவது இருக்கிறதா என்று உலாவப் போகாதீர்கள்.

அப்படிக் கூட வாங்குவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கையிருப்பில் உள்ள தட்டையும் முன்பதிவுத் தட்டையும் ஒரே ஆர்டரில் போட்டால், பல கடைகள் கடைசித் தட்டு வரும் வரை முழு ஆர்டரையும் நிறுத்தி வைக்கும். வேறு வேறு மாதங்களில் வர வேண்டிய நான்கு முன்பதிவுகளை ஒன்றாகப் போட்டால், கடைசியாக வருவதன் தேதிதான் நான்குக்கும். அஞ்சல் செலவை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஒரே மாதத்தில் வெளியாகும் தட்டுகளை மட்டும் சேர்த்துப் போடுங்கள். அட்டைப்பெட்டியோடு ஒற்றைத் தட்டு அரைக் கிலோவைத் தாண்டும். இரண்டாவது தட்டுக்குக் கூடும் கட்டணம் முதல் தட்டுக்கு ஆவதைவிடக் குறைவு. இரண்டு மூன்று தட்டு என்பது நல்ல அளவு. பெரிய பார்சலில் மூலைகள் நசுங்கும் வாய்ப்பும் அதிகம், சுங்கத்தின் கண்ணிலும் எளிதில் படும். இந்தியாவில் சுங்கவரி தட்டின் விலைக்கு மட்டுமல்ல, அஞ்சல் கட்டணமும் சேர்ந்த மதிப்புக்குப் போடப்படுகிறது. வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும்.

முன்பதிவில் பணம் எப்போது போகிறது என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள். சில கடைகள் அனுப்பும்போதுதான் எடுக்கும். கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்திலும் பெரும்பாலான சிறு நிறுவனங்களிலும் ஆர்டர் அன்றே போய்விடும். பேபாலில் புகார் செய்யப் பணம் கட்டியதிலிருந்து 180 நாள் மட்டுமே. வெளியீடு ஆர்டரிலிருந்து ஏழாவது மாதத்தில் என்று போட்டிருந்தால், தட்டு வருமுன்பே அந்தப் பாதுகாப்பு முடிந்திருக்கும். தள்ளிப்போவதும் அரிதல்ல. 2020 பிப்ரவரி 6இல் கலிஃபோர்னியாவின் பானிங்கில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்த பிறகு, லாக்கர் தகடுக்கு உலகமே ஜப்பானின் எம்.டி.சி.யை நம்ப வேண்டியிருந்தது. அதற்குமேல் தொற்றுக்காலத் தேவையும் சேர்ந்து, 2021இல் ஆலைகளின் வரிசை மாதக்கணக்கில் நீண்டது. இப்போது புதிய அச்சு இயந்திரங்கள் நிறைய வந்துவிட்டன. இருந்தும் சோதனைத் தட்டு ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் சில வாரம் போய்விடும். 180 நாள் நெருங்கும்போது விற்பவருக்கு எழுதி, தெளிவான தேதி கேளுங்கள். பதிலே வராவிட்டால் கெடுவுக்குள் புகாரைப் பதிந்துவிடுவது நல்லது.

ரெக்கார்டு ஸ்டோர் டே

சிறு இசைத்தட்டுக் கடைகளைக் கொண்டாடி, அன்றைக்கென்று அச்சிட்ட தட்டுகளை அங்கே விற்கும் நாள் இது. 2008 ஏப்ரல் 19இல் முதன்முதலாக நடந்தது. பெரும்பாலும் ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை. ஈஸ்டரை ஒட்டி வந்தால் முன்பின் நகரும். நவம்பரில் பிளாக் ஃப்ரைடேக்கு ஒரு சிறிய பட்டியல் உண்டு. பங்கேற்கும் கடைகள் எந்தத் தட்டையும் எடுத்து வைக்கவோ முன்பதிவு செய்யவோ கூடாது. யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்கு.

பட்டியல் பல வாரம் முன்பே வெளியாகும். அதில் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வகை எழுதியிருக்கும். அன்றைக்கு மட்டுமே வருபவை ஒரு வகை. 'ஃபர்ஸ்ட்' என்று குறித்தவை அன்று முதலில் வந்து, பின்னால் பொதுவாகவும் வெளியாகக்கூடியவை. சிறு எண்ணிக்கை வகை மூன்றாவது. ஃபர்ஸ்ட் என்று இருப்பதற்காக விடியற்காலை வரிசையில் நிற்பது வீண். முதல் வகையில் 1500க்குக் கீழ் எண் போட்டவற்றை மட்டும் குறித்துக்கொண்டு போனால், வரிசை நகரும்போது கை நடுங்காமல் எடுக்கலாம்.

கடை பத்துக் கேட்டால் விநியோகஸ்தர் இரண்டு அனுப்புவார், சிலதில் ஒன்றுமே வராது. அது கடைக்காரருக்குக்கூடக் கடைசி வாரத்தில்தான் தெரியும். டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பவர்கள் பட்டியல் வந்த வாரமே கடைக்குப் போய், இன்ன தட்டு எனக்கு வேண்டும் என்று சொல்லி வைக்கலாம். எடுத்து வைக்க அவரால் முடியாது. ஆனால் கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அவர் ஆர்டரில் அந்தத் தலைப்பைச் சேர்ப்பார். நகரத்தின் மிகப் புகழ்பெற்ற கடையைவிட, ரயில் நிலையம் இரண்டு தள்ளியிருக்கும் சிறு கடையில் நமக்கு வேண்டியது கிடைக்கும் வாய்ப்பு அதிகம், முக்கியமாகப் பலரும் தேடாத இசையில்.

பிரிட்டனில் சமீப ஆண்டுகளில், மிஞ்சியதைத் திங்கள் இரவு 8 மணி முதல் கடைகள் இணையத்தில் விற்கின்றன. இந்திய நேரம் திங்கள் நள்ளிரவு தாண்டி 12.30, அதாவது செவ்வாய் பிறந்ததும். வரிசையில் நிற்க வழியில்லாத வெளிநாட்டு வாசகருக்கு உள்ள நேர்மையான வாசல் அதுதான். அந்தச் சனி, ஞாயிறில் மறுவிற்பனைச் சந்தையில் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். டிஸ்காக்ஸில் கேட்கும் விலை ஒன்று, விற்ற விலை வேறு. விற்பனை வரலாற்றில் கடைசியாக விற்ற விலைகளை மட்டும் பாருங்கள். முதல் வாரம் உச்சத்தில் இருக்கும் பல தலைப்புகள், ஒன்றிரண்டு மாதத்தில் கடை விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 500 பிரதிக்குக் கீழ் உள்ளவற்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

தட்டு வந்த அன்று

மேலுறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது விற்பவருக்கான பழக்கம். கேட்பவர் வந்த அன்றே பிரிக்க வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு பல கடைகளில் 14 முதல் 30 நாள்தான். இறுக்கமான பிளாஸ்டிக் உறை, வெப்பத்தில் சுருங்கி அட்டையையும் தட்டையும் வளைக்கவும் செய்யும். ஏப்ரல், மே மாதங்களில் கூரியர் வண்டிக்குள் வெயிலில் கிடந்து வந்த பெட்டியை வாங்கியவுடன் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை சமதளத்தில் வைத்திருந்து பிறகு திறங்கள். தட்டு 60 டிகிரியை நெருங்கும்போதே வளையத் தொடங்கும். நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். கடை சம்மதித்தால், இங்கே வெயில் தணிந்த பிறகு அனுப்பச் சொல்லலாம்.

பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பெட்டியின் நான்கு மூலை, அட்டையின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு. பயணத்தில் தட்டு உள்ளே ஆடி அட்டையின் விளிம்பைக் கிழிப்பது மிகப் பொதுவான சேதம். தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து வைத்து அனுப்பச் சொன்னால் இது நடக்காது, ஆனால் அதற்குக் கடைக்காரர் மேலுறையைப் பிரித்தாக வேண்டும். மறுவிற்பனையை நினைக்காதவர் தயங்காமல் அப்படிக் கேட்கலாம்.

பிறகு தட்டைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். காகித உறை உரசிய மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கேட்காது. ஒரு பக்கமாக, தையல் போட்டதுபோல் பளபளக்கும் திட்டு தெரிந்தால் அதைச் சந்தேகியுங்கள். அச்சில் பிளாஸ்டிக் பள்ளத்தை முழுதாக நிரப்பவில்லை என்பதன் அடையாளம் அது. முள் அங்கே போகும்போது துணி கிழிவதுபோல் 'சர்ர்' என்ற ஓசை ஒரு காதில் மட்டும் சுற்றுக்குச் சுற்று வரும். எவ்வளவு கழுவினாலும் போகாது. சொடுக்கு ஓசைகளை மட்டும் உடனே குறை சொல்ல வேண்டாம். புதுத் தட்டிலும் காகிதத் தூசியும் நிலைமின்னும் இருக்கும். கார்பன் இழைத் தூரிகையால் துடைத்து, முடிந்தால் வாலை வடிநீரில் ஒருமுறை கழுவிய பிறகு கேட்டால் மிஞ்சுவது எதுவோ அதுதான் கோளாறு.

நடுத்துளை தள்ளிப்போன தட்டைக் கண்ணாலேயே பிடிக்கலாம். ஓடும்போது முள்ளைத் தாங்கும் டோன் ஆர்ம் ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக அசையும். லேசான அசைவு எல்லாத் தட்டிலும் உண்டு. நீண்டு ஒலிக்கும் பியானோ, வீணை, வயலின் சுரங்கள் நடுங்குவது கேட்டால் அது ஏற்கத்தக்க அளவைத் தாண்டியது. வளைவைப் பொறுத்தவரை முள் தாவாமல், ஒலியில் மாற்றமில்லாமல் ஓடினால் விட்டுவிடலாம். 'ஸ' ஒலி சிதறினால், அதே முள்ளில் நன்றாக ஒலிக்கும் என்று தெரிந்த வேறொரு தட்டின் கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதிலும் சிதறினால் கோளாறு கார்ட்ரிட்ஜ், அதாவது முள் இருக்கும் பகுதி, பொருத்தியதில் அல்லது முள்ளுக்கு எடை வைத்ததில்.

கடைசியாக, லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்களைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கெவின் கிரே வெட்டியதில் அவர் முதலெழுத்துகளும் கோஹியரண்ட் ஆடியோவின் குறியும் சேர்ந்து 'கே.பி.ஜி.@சி.ஏ.' என்று இருக்கும். செக் நாட்டின் ஜி.இசட். மீடியா அச்சிட்டதில் ஆறு இலக்க எண்ணை ஒட்டி 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கக் குறியும் வரும். ஸ்டிக்கரில் சொன்ன பதிப்புதானா என்பதற்கு இதுவே சான்று. ஒரே ஆல்பத்தின் இரண்டு அச்சுகளைப் பிரித்துக் காட்டுவதும் இதுதான்.

குறை இருந்தால், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம், எந்தக் காது என்று எழுதி, முப்பது விநாடி ஒலிப்பதிவையும் இந்த எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். மாற்றுத் தட்டு கேட்குமுன் டிஸ்காக்ஸில் அந்தப் பதிப்பின் கீழுள்ள கருத்துகளைப் பாருங்கள். அதே பக்கத்தில் அதே இடத்தில் பலருக்கும் சர்ர் ஓசை வந்திருந்தால், மாற்றாக வருவதும் அதே அச்சுத் தொகுதியிலிருந்துதான் வரும். அப்போது பணத்தைத் திரும்பக் கேட்பதே சரி; அடுத்த அச்சு வந்தால் புது எண்ணைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.